புதிதாக வாங்கிய கெளுத்தி மீன்கள் திடீரென இறப்பது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொட்டியின் அடியில் மீசையால் மணலைத் துழாவும் கோரிடோரஸ், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் பிளெக்கோ, இலைமேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் ஒட்டோசிங்க்லஸ் ஆகிய மூன்றுமே கெளுத்தி வகையைச் சேர்ந்தவை. வீட்டுக்கு வந்த சில மணி நேரத்திலோ சில வாரங்களிலோ இவை இறந்துபோவது பலருக்கும் நேர்கிறது. அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

நேற்று வாங்கிய கெளுத்தி இன்று காலை இறந்து கிடக்கிறது. காரணத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மீன் தொட்டிக்குள் வந்து எவ்வளவு நேரம் கழித்து இறந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். உடலில் தெரியும் அடையாளங்களைவிட இந்தக் கால இடைவெளியே பெரும்பாலும் தெளிவான துப்பைத் தருகிறது. சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்துக்குள் இறந்திருந்தால் பைத் தண்ணீரில் சேர்ந்த நஞ்சு, குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், ஆக்சிஜன் குறைவு, வெப்பநிலையில் பெரிய வேறுபாடு ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் இறந்திருந்தால், இரண்டு தண்ணீர்களிலும் கரைந்துள்ள உப்புகளின் அளவு மிகவும் வேறுபட்டிருந்திருக்கலாம். அல்லது தொட்டியில் ஏற்கெனவே அமோனியா இருந்திருக்கலாம். ஒரு வாரத்தை ஒட்டி இறந்திருந்தால் நைட்ரைட்டையும் (அமோனியாவிலிருந்து பாக்டீரியாக்கள் உருவாக்கும் நஞ்சு) தொற்றுநோயையும் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கடந்து, மெலிந்து இறந்திருந்தால் பட்டினியே முதல் சந்தேகம்.

இவற்றில் பெரும்பாலானவை நம் கண்ணுக்குத்தான் திடீர் மரணம். பிடிபட்ட இடத்திலும், வரும் வழியிலும், விற்பனைத் தொட்டியிலும் மீனின் வலு சிறிது சிறிதாகக் கரைந்திருக்கிறது. கடைசி அடி மட்டுமே நம் தொட்டியில் விழுகிறது.

பையில் நன்றாக நீந்திக்கொண்டிருந்த மீன், தொட்டியில் விட்ட ஒரு மணி நேரத்துக்குள் இறந்தது எப்படி?

கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து சேர்கிறது. அதனால் தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) இறங்குகிறது. அதே நேரத்தில் செவுள் வழியாக வெளியேறும் அமோனியாவும் சேர்ந்துகொண்டே போகிறது. பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அந்த அமோனியாவின் பெரும்பகுதி, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் என்ற வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பி.எச். விரைவாக ஏறுகிறது; அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியத்தின் ஒரு பகுதி நஞ்சான அமோனியாவாக மாறுகிறது. 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் அது ஏறக்குறைய 5 விழுக்காடு ஆகிவிடும். ஏறத்தாழ பத்து மடங்கு உயர்வு, அதுவும் சில நிமிடங்களில். வழியெல்லாம் தாங்கி வந்த மீன், பையை அவிழ்த்த பிறகு துவள்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

கோரிடோரஸுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மிகுந்த அச்சத்திலோ நெருக்கடியிலோ இவை, மார்புத் துடுப்பின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து ஒரு நஞ்சை வெளியிடக்கூடியவை. ஆற்றில் அது எதிரியை விரட்டுவதற்கு உதவும். சிறிய பைக்குள்ளோ, அதை விட்ட மீனையும் உடன் இருக்கும் மீன்களையும் கொன்றுவிடக்கூடும். பைத் தண்ணீரின் மேற்பரப்பில் கலையாமல் நுரை நிற்பது, தண்ணீர் கலங்கியிருப்பது, மீன்கள் ஒருக்களித்துக் கிடந்தபடி செவுள் மூடிகளை மட்டும் படபடவென்று அடித்துக்கொள்வது ஆகியவற்றைக் கண்டால் வேறெதற்கும் காத்திருக்காதீர்கள். உடனே அவற்றை நல்ல தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். கோரிடோரஸை மற்ற வகை மீன்களோடு ஒரே பையில் கட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இவற்றோடு குளோரினையும் மறந்துவிடக் கூடாது. குழாய்த் தண்ணீரைக் காற்றூட்டி ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் அப்படிப் போகாது, அதற்குத் தண்ணீரைப் பதப்படுத்தும் மருந்து தேவை.

அப்படியானால் புது மீனைத் தொட்டித் தண்ணீருக்கு எப்படிப் பழக்க வேண்டும்?

மீன் பையில் இருந்த நேரத்தைப் பொறுத்து முறை மாறுகிறது. பலரும் எல்லா மீனுக்கும் ஒரே முறையைப் பின்பற்றுவதால்தான் நல்லெண்ணத்தோடு செய்த வேலையே தீங்காகிறது.

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரப் பயணம் என்றால், விளக்கை அணைத்துவிட்டு, கட்டிய பையைத் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு பையைத் திறந்து, சிறு கிண்ணம் தொட்டித் தண்ணீரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊற்றி, அரை மணி நேரத்தில் பைத் தண்ணீர் இரண்டு, மூன்று மடங்கு ஆகும்படி செய்யுங்கள். மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஒரு நாளோ அதற்கு மேலோ பையில் இருந்து வந்த மீன் என்றால், மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து இரண்டு மணி நேரம் பழக்குவது ஆபத்தானது. பை திறந்த கணத்திலிருந்து அந்தத் தண்ணீர் நஞ்சாகிக்கொண்டிருக்கிறது; அதிலேயே மீனை நெடுநேரம் வைத்திருப்பது அதை மேலும் வருத்துகிறது. கட்டிய பையிலேயே வெப்பநிலையைச் சமன்படுத்திவிட்டு, திறந்தவுடன் மீனை மாற்றிவிடுவதே மேல். இதற்கு முன்கூட்டியே ஒரு வேலை செய்ய வேண்டும்: மீன் இருந்த தண்ணீரின் பி.எச். அளவையும் கரைந்த உப்புகளின் அளவையும் விற்பவரிடம் கேட்டறிந்து, வரவேற்கும் தொட்டியின் தண்ணீரை அதற்கு நெருக்கமாக அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு சில நாள்களில் சிறு சிறு தண்ணீர் மாற்றங்களால் உங்கள் தண்ணீருக்குக் கொண்டுவரலாம்.

தொட்டியில் உள்ள மற்ற மீன்கள் நலமாக இருக்கின்றன. கெளுத்திகள் மட்டும் ஏன் இறக்கின்றன?

மற்ற மீன்கள் நலமாக இருப்பது தண்ணீர் நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது. இதைப் பலர் ஏற்க மறுக்கிறார்கள். ஆனால் தவறான முடிவுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கருத்து. தண்ணீர் மாற்றம் குறைந்த பழைய தொட்டியில் நைட்ரேட் மெல்ல ஏறும், காரத்தன்மை மெல்லக் கரையும், பி.எச். மெல்ல இறங்கும். மாதக்கணக்கில் அதற்குள்ளேயே வளர்ந்த மீன்கள் அந்த மாற்றத்தோடு சேர்ந்து பழகிவிடுகின்றன. புதிதாக வரும் மீனோ அந்த முழு வேறுபாட்டையும் ஒரே நாளில் தாங்க வேண்டியிருக்கிறது.

அத்தோடு கெளுத்திகளின் உடலமைப்பும் வாழ்முறையும் சேர்ந்துகொள்கின்றன. இவற்றுக்கு மற்ற மீன்களைப் போன்ற செதில்கள் கிடையாது. கோரிடோரஸுக்கும் பிளெக்கோவுக்கும் எலும்புத் தகடுகள் கவசமாக உள்ளன, பிக்டஸ், கண்ணாடிக் கெளுத்தி போன்றவற்றுக்கு வெறும் தோல்தான். கழிவும் உண்ணாத உணவும் படியும் அடித்தளத்திலேயே இவை வாழ்கின்றன. தண்ணீரோட்டம் குறைந்த தொட்டியில் ஆக்சிஜன் முதலில் குறைவதும் அங்கேதான். சந்தைக்கு வரும் கெளுத்தி வகைகளில் பல, குறிப்பாக ஒட்டோசிங்க்லஸ், ஆற்றிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெப்பநிலையும் இனத்துக்கு இனம் மாறுகிறது. மிளகு கோரிடோரஸும் பாண்டா கோரிடோரஸும் குளிர்ந்த தண்ணீரை விரும்புபவை. 28 டிகிரியில் வைக்கும் டிஸ்கஸ் மீன் தொட்டியில் அவை நெடுநாள் தாங்குவதில்லை. ஸ்டெர்பை கோரிடோரஸ் அந்தச் சூட்டைத் தாங்கும்.

புது மீன் வருகிறதென்று தொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவினேன். அதன் பிறகும் ஏன் இறந்தன?

பெரும்பாலும் அந்தக் கழுவலே காரணம். மீன் வெளியிடும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லின் மேற்பரப்பிலும் ஒட்டி வாழ்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைப் பிழிந்து கழுவும்போது அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. பாக்டீரியாக்கள் மிகக் குறைந்திருக்கும் அதே நாளில், புதிய மீன்களால் கழிவு கூடுகிறது. கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் அந்தத் தண்ணீரில் மூன்றாம் நாள் அமோனியா ஏறத் தொடங்குகிறது. மேலும், தடிமனாகப் பரப்பிய பழைய மணலைக் கிளறும்போது, அதன் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாமல் உருவான ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறக்கூடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுதான்.

ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெல்ல அலசினால் போதும். மீன் வருவதற்கு முந்தைய ஒரு வாரமும் பிந்தைய இரண்டு வாரமும் ஃபில்டரைத் தொடாமல் இருப்பது இன்னும் நல்லது. முற்றிலும் புதிய தொட்டி என்றால், மீன் இல்லாமலேயே அமோனியா ஊட்டி இந்தப் பாக்டீரியாக்களை வளர்க்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அப்படித் தயாரான தொட்டியிலும் முதல் மீனாகக் கெளுத்தியை விடாதீர்கள்.

எந்த அளவுகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமை ஒட்டி இருப்பது நல்லது. 40 தாண்டினால் தண்ணீர் மாற்றம் போதவில்லை என்று பொருள். காகிதப் பட்டைச் சோதனையைவிடத் துளித் திரவச் சோதனை நம்பகமானது. மீன் இறந்த உடனே, தண்ணீர் மாற்றுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். மாற்றிய பிறகு சோதித்தால் காரணம் மறைந்துபோயிருக்கும்.

ஒட்டோசிங்க்லஸ் இரண்டு வாரம் நன்றாக இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இறந்தன. தண்ணீரிலும் குறையில்லை. என்ன நடந்தது?

அவை பெரும்பாலும் பட்டினியால் இறந்திருக்கும். ஒட்டோசிங்க்லஸ் விரலளவுகூட இல்லாத மீன். இயற்கையில் விழித்திருக்கும் நேரமெல்லாம் பாசிப் படலத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். பிடிபட்டதிலிருந்து விற்பனைத் தொட்டியை அடையும்வரை அதற்குத் தீனி கிடைப்பது அரிது. நெடுநாள் பட்டினியில், உணவைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்களும் குன்றிவிடுகின்றன. அதன் பிறகு தின்றாலும் உடம்பில் ஒட்டாத நிலை வந்துவிடுகிறது. தின்கிறது, ஆனால் மெலிகிறது என்ற குழப்பமான காட்சிக்கு விளக்கம் இதுதான்.

மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் வயிற்றை வெளியிலிருந்து பாருங்கள். உண்ட மீனின் வயிறு வாய்க்குப் பின்னால் தொடங்கி இலேசாகப் புடைத்து, வெல்லப்பாகு நிறத்திலோ பச்சை கலந்த நிறத்திலோ தெரியும். பட்டினி மீனின் வயிறு உள்நோக்கிக் குழிந்து, இரு பக்க விளிம்புகளும் வரம்பு கட்டியதுபோல் துருத்தி நிற்கும். பிளெக்கோ என்றால் இதோடு கண்களும் உள்வாங்கியிருக்கும். அந்த நிலைக்கு வந்த பிளெக்கோவை மீட்பது மிகக் கடினம்.

இவற்றை விடுவதற்கு முன் தொட்டி சில மாதங்களேனும் ஓடியிருக்க வேண்டும். கல்லிலும் இலையிலும் மெல்லிய பழுப்புப் பாசி படிந்திருக்க வேண்டும். சுத்தமாகப் பளபளக்கும் தொட்டி இம்மீனுக்கு வெற்றுத் தட்டு. பாசி போதாவிட்டால், ஒரு வாளியில் கூழாங்கற்களைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்துப் பாசி படியச் செய்து, மாற்றி மாற்றித் தொட்டியில் வைக்கலாம். வேகவைத்த சுரைக்காய், வெள்ளரித் துண்டுகளைச் சில மீன்கள் முதல் நாளே தின்னும். சில ஒரு வாரம் தொடவே தொடா. தொடாததை மறுநாள் எடுத்துவிடுங்கள். கிடந்து அழுகினால் அதுவே அமோனியா ஆகும்.

கெளுத்திகள் தொட்டியின் கழிவைத் தின்று வாழுமல்லவா?

வாழாது. எந்த மீனும் மற்ற மீன்களின் கழிவைத் தின்று உயிர்வாழ்வதில்லை. ‘தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்’ என்று சொல்லி விற்கப்படுவதாலேயே எத்தனையோ கெளுத்திகள் பட்டினி கிடக்கின்றன. அடியில் மூழ்கும் தீனியை, மற்ற மீன்கள் உண்டு அடங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுப் போட வேண்டும். பானாக்கி போன்ற சில பிளெக்கோக்களுக்கு மரக்கட்டையும் தேவை.

கெளுத்தி விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகிறது. இது மூச்சுத் திணறலா?

எப்போதாவது ஒருமுறை என்றால் இயல்பானதே. கோரிடோரஸ் மேலே வந்து விழுங்கும் காற்றிலிருந்து அதன் குடலின் பிற்பகுதி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. பிளெக்கோ வகைகளில் பல இதற்கு வயிற்றைப் பயன்படுத்துகின்றன. எனவே தண்ணீரை மூடி வரை நிரப்பாமல் மேலே சிறிது காற்றிடம் விட வேண்டும். ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை மேலே ஓடினாலோ, அடியில் கிடந்தபடியே செவுளை வேகமாக அடித்துக்கொண்டாலோ அது அபாய அறிகுறி. 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் தண்ணீரில், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம் அளவே கரைகிறது. செடிகள் அடர்ந்த தொட்டியில் இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், இரவில் இறந்து காலையில் காணப்படும் மீன்களுக்கு இந்தக் காரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏர் பம்பை இரவில் சத்தத்துக்காக நிறுத்துவதை நான் ஏற்கவே மாட்டேன்.

பாதுகாப்புக்காக முன்கூட்டியே மருந்தோ உப்போ போடலாமா?

போடாதீர்கள். நோய் இன்னதென்று தெரியாமல் போடும் மருந்து, ஏற்கெனவே களைத்திருக்கும் கெளுத்திக்கு மேலும் ஒரு சுமை. செம்பு, ஃபார்மலின், மாலக்கைட் பச்சை ஆகியவை கலந்த மருந்துகளைக் கெளுத்திகள் மற்ற மீன்களைப்போல் தாங்குவதில்லை. தவிர்க்க முடியாதபோது பலரும் பாதி அளவில் தொடங்குகிறார்கள். மருந்துகள் பலவும் தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைப்பதால் கூடவே காற்றூட்டலைக் கூட்ட வேண்டும்.

நோயை அடையாளம் காண்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: வெண்புள்ளி நோயில் துடுப்புகளிலும் உடலிலும் உப்புத்தூள் தூவியது போன்ற தனித்தனிப் புள்ளிகள் தெரியும், தண்ணீரின் சூட்டைச் சற்று உயர்த்துவது அதன் சிகிச்சையில் உதவும். காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயில் முதுகில் சேணம் வைத்ததுபோல் சாம்பல் வெள்ளைத் திட்டோ, வாயோரம் பஞ்சு போன்ற படலமோ தோன்றும். அது ஓரிரு நாளிலேயே கொல்லக்கூடியது, சூட்டை உயர்த்தினால் இன்னும் வேகமாகப் பரவும். ஒன்றுக்கு உதவும் செயல் மற்றொன்றுக்கு எதிராகிறது.

உப்புக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நைட்ரைட் ஏறிய தண்ணீரில் மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பாகிறது. செவுளும் பழுப்பு நிறமாகத் தெரியும். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. லிட்டருக்கு அரை கிராமுக்கும் குறைவான அளவே இதற்குப் போதும். கெளுத்திகள் அதைத் தாங்கும்.

மீனை எடுக்கும்போது முள் வலையில் சிக்கிக்கொண்டது. அதனாலும் இறக்குமா?

இறக்கக்கூடும். முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் உள்ள முள்ளைக் கெளுத்திகள் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். இழுத்தால் முள் அடியோடு கிழிந்து, அந்தக் காயத்தில் தொற்று ஏற்படும். சிக்கிவிட்டால் மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு வலையின் இழைகளைக் கத்தரித்துவிடுங்கள். வலைக்குப் பதிலாக ஒரு கிண்ணத்துக்குள் ஓட்டிப் பிடிப்பதே சிறந்தது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மீன் விற்பனைத் தொட்டிக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை முதலில் கேளுங்கள். அன்று வந்த மீனை அன்றே வாங்காமல், ஒரு வாரம் கழித்து, எஞ்சியவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பது நல்லது. உங்கள் கண் முன்னே தீனி போடச் சொல்லிப் பாருங்கள். வயிறு நிறைந்திருக்க வேண்டும், மீசைகள் தேயாமல் முழுமையாக இருக்க வேண்டும், அடிவயிற்றில் சிவந்த திட்டுகள் இருக்கக் கூடாது. அதே தொட்டியில் இறந்த மீன் ஒன்று கிடந்தாலும், பிடிக்க வேண்டிய மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும், திரும்பி வந்துவிடுங்கள். கோரிடோரஸ் கூட்டமாக வாழ்பவை. ஒன்று, இரண்டாக வாங்கினால் பதுங்கிக் கிடந்து தீனியையும் தவிர்க்கும். குறைந்தது ஆறு மீன்களாவது வேண்டும்.

தனிமைத் தொட்டி உண்மையிலேயே தேவையா?

கெளுத்திகளுக்கு மிகவும் தேவை. நோய் பரவாமல் தடுப்பது அதன் ஒரு பயன்தான். போட்டியில்லாமல் தின்ன இடம் கிடைப்பது அதைவிடப் பெரிய பயன். ஏற்கெனவே ஓடும் தொட்டியில் சில வாரம் வைத்து எடுத்த ஒரு ஸ்பஞ்சு ஃபில்டர், மெல்லிய மணல், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, மங்கிய வெளிச்சம் ஆகியவை போதும். இரண்டு முதல் நான்கு வாரம் வைத்திருந்து, நன்றாகத் தின்று வயிறு நிறைந்த பிறகு மாற்றலாம்.

ஒன்று இறந்துவிட்டது, மற்றவை சோர்ந்து கிடக்கின்றன. இப்போது உடனடியாக என்ன செய்ய வேண்டும்?

இறந்த மீனை எடுத்துவிட்டு, தண்ணீரில் ஒரு குவளை சோதனைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, காற்றூட்டலை முழு அளவுக்குக் கூட்டுங்கள். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். பழைய தொட்டியில் பி.எச். மிகவும் தாழ்ந்திருந்தால் மட்டும் இதைச் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். பெரிய மாற்றத்தால் பி.எச். சட்டென ஏறி, அங்கே தங்கியிருந்த அம்மோனியம் நஞ்சாகும். அன்று தீனி வேண்டாம். கைகளில் சோப்பு, கிருமிநாசினி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறையில் பூச்சிமருந்து தெளித்திருந்தால், ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இறந்தவற்றுக்குப் பதிலாக எப்போது புதிய மீன் வாங்கலாம்?

காரணம் தெரியும் வரை வாங்காதீர்கள். தெரிந்து, சரிசெய்த பிறகும், மரணம் ஏதுமின்றி நான்கு வாரம் கடக்கட்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யமாக இருக்கட்டும். தொற்றுநோயால் இறந்திருந்தால் வலை, குழாய், வாளி ஆகியவற்றையும் கிருமி நீக்கி உலர்த்திவிடுங்கள். காரணம் பட்டினி என்றால் காத்திருக்க வேண்டியது பாசிக்காக: கல்லை விரலால் தேய்த்தால் வழுவழுவென்று படலம் ஒட்டும் அளவுக்கு அது வளர்ந்த பிறகு ஒட்டோசிங்க்லஸைக் கொண்டு வரலாம்.